டெல்டாவில் காரை வீட்டிலேயே விட்டுப் போக எந்த ரயில் வேண்டும்?

குடமுருட்டி (பாபநாசம்)

நம் பக்கத்தில் ரயில் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு மூன்றே விஷயத்தில் முடிந்துவிடுகிறது. சென்னைக்கு இன்னொரு ராத்திரி வண்டி, வந்தே பாரத், அப்புறம் எங்கள் ஊரில் நிற்கவில்லை என்ற புகார். எம்பியிடம் மனு கொடுத்தாலும் இதுதான், பயணிகள் சங்கம் போஸ்டர் அடித்தாலும் இதுதான்.

எனக்கு வேறு கணக்கு. காலை எட்டரை மணிக்குத் தஞ்சாவூர்–திருச்சி ரோட்டில் நின்று பாருங்கள். ஐந்து பேர் உட்காரும் காரில் ஒருவர், மிஞ்சிப்போனால் இரண்டு பேர். இவர்களில் யாரும் சென்னைக்குப் போகவில்லை. திருச்சியில் ஆபீஸ், ஏர்போர்ட், டாக்டர், பிள்ளையின் காலேஜ் என்று போகிறவர்கள். கும்பகோணத்திலிருந்து திருச்சிக்குத் தண்டவாளத்தில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். காரில் போய்வந்தால் பெட்ரோலுக்கே ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது, வாழவந்தான்கோட்டை டோல் தனி. பாசஞ்சர் டிக்கெட் பத்து ரூபாயில் தொடங்குகிறது. இவ்வளவு வித்தியாசம் இருந்தும் மனுஷன் ஏன் சாவியை எடுக்கிறான்? போவதற்கு வண்டி இருக்கிறது. வேலை பதினொன்றரைக்கே முடிந்துவிட்டால் திரும்புவதற்கு எது என்று அவனுக்குத் தெரியாது, தெரிந்தாலும் அது மூன்று மணி நேரம் கழித்து வரும். பஸ் ஸ்டாண்டில் அந்தப் பயம் கிடையாது, இந்த பஸ் போனால் அடுத்தது பின்னாலேயே நிற்கிறது.

அதனால் என் கட்சி இது. மயிலாடுதுறை–கும்பகோணம்–தஞ்சாவூர்–திருச்சி மணிக்கு ஒரு வண்டி. நாகப்பட்டினம்–திருவாரூர்–தஞ்சாவூர் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. காலை ஐந்திலிருந்து ராத்திரி பத்து வரை, எட்டுப் பெட்டி மெமு (மின்சாரத்தில் ஓடும் லோக்கல் ரயில்) போதும். ஏசி வேண்டாம், ரிசர்வேஷன் வேண்டாம். சென்னை வண்டியெல்லாம் இதற்கு அப்புறம்தான். திட்டுகிறவர்கள் திட்டலாம்.


கொள்ளிடக்கரை (சீர்காழி, இருப்பு தாம்பரம்)

நானே தொடங்கிவைக்கிறேன் அண்ணே. நீங்கள் ஊரிலேயே இருக்கிறீர்கள், அதனால் திருச்சி பெரிதாகத் தெரிகிறது. டெல்டாக்காரர்களில் பாதிப் பேர் தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில்தான் குடியிருக்கிறார்கள், கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்கிறேன், ஆனால் ரொம்ப இல்லை. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. பொங்கலுக்கு உழவன், மன்னை எக்ஸ்பிரஸ் இரண்டிலும் டிக்கெட் திறந்த கொஞ்ச நேரத்தில் வெயிட்டிங் லிஸ்ட். ஆம்னி பஸ்ஸில் கேட்கிற காசுக்கு நான்கு பேர் சேர்ந்து வாடகைக் கார் எடுத்துவிடலாம். எடுக்கிறோம். பெருங்களத்தூரிலிருந்து விழுப்புரம் வரை வண்டிகள் ஊர்ந்து போவதற்கு இதுதான் காரணம்.

இதில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வேறு. 2023 கடைசியில் அதைத் திறந்த பிறகு ஊரிலிருந்து வருகிற அரசு பஸ் அங்கேயே இறக்கிவிடுகிறது. விடிகாலை நான்கு மணிக்குப் பையும் அரிசி மூட்டையும் பிள்ளையுமாக இன்னொரு பஸ் மாற வேண்டும். ரயில் என்றால் தாம்பரம், மாம்பலம், எழும்பூர் என்று நகரத்துக்குள்ளேயே கொண்டுபோய் விடுகிறது. 22 பெட்டி வண்டி ஒன்று கூடுதலாக விட்டால் முப்பது நாற்பது ஆம்னி பஸ்ஸில் போகிற கூட்டம் அதில் ஏறிவிடும்.

அப்புறம் அடிப்படை விஷயம். விருத்தாசலம் வழியாகப் போகிற கார்டு லைன் (குறுக்குப் பாதை) முழுக்க இரட்டைப் பாதை. வந்தே பாரத், தேஜஸ் எல்லாம் அந்த வழிதான். நம் மெயின் லைன் விழுப்புரத்திலிருந்து தஞ்சாவூர் வரை 190 கிலோமீட்டர் சொச்சம் இன்னும் ஒற்றைப் பாதை. கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம் இவ்வளவு ஊரும் அதில்தான் இருக்கின்றன. இரண்டாவது பாதை போடாமல் மணிக்கு ஒரு வண்டி எங்கே ஓடும்?


பழைய கேபின்

ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் என்ற முறையில் இரண்டு பேருக்கும் பதில்.

ஒற்றைப் பாதையில் எத்தனை வண்டி ஓடும் என்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் கணக்கு எளிது. அந்தப் பாதையில் எந்த இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் வண்டி அதிக நேரம் எடுக்கிறதோ அந்தச் செக்ஷனைப் பார்க்க வேண்டும். மெதுவாகப் போகும் சரக்கு வண்டிக்கு அங்கே 15 நிமிஷம், லைன் கிளியர் (அடுத்த ஸ்டேஷனின் அனுமதி) வாங்கி சிக்னல் போட 5 நிமிஷம் என்று உதாரணத்துக்கு வையுங்கள். ஒரு நாளின் 1440 நிமிஷத்தை இருபதால் வகுத்தால் 72. அதில் எழுபது விழுக்காடுதான் நிஜத்தில் ஓட்ட முடியும், அதாவது ஐம்பது வண்டி, போக வர இரண்டு பக்கமும் சேர்த்து. மணிக்கு ஒன்று என்று காலை ஐந்திலிருந்து ராத்திரி பத்து வரை ஓட்டினால் இரண்டு பக்கமும் சேர்த்து 36. மிச்சம் 14-இல் எக்ஸ்பிரஸ், சரக்கு எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது, அல்லது எல்லாமே லேட்டாக ஓடும்.

ஆனால் கொள்ளிடக்கரை தம்பி சொல்வதும் முழு உண்மை இல்லை. மெயின் லைனில் நெரிசல் இருபத்து நான்கு மணி நேரமும் கிடையாது. சென்னை வண்டிகள் பெரும்பாலும் ராத்திரியிலும் விடிகாலையிலும் வரிசையாக வரும், அப்போதுதான் எதிரெதிர் வண்டிகளைக் கடக்கவைக்கிற கிராசிங் தலைவலி. காலை பத்து மணிக்கு மேல் மூன்று மணி வரை கும்பகோணம் பக்கம் தண்டவாளம் காய்ந்து கிடக்கும். பராமரிப்புக்குப் பாதையை அடைத்து பிளாக் கொடுப்பது போக மீதி நேரத்துக்கு வண்டி விடலாம். 2020 தொடக்கத்தில் மின்மயமும் ஆகிவிட்டது, மெமு ஓடத் தடையில்லை. தடை ரேக்கும் (பெட்டிகள் கோத்த முழு வண்டி) ஆளும்தான். ஒரு ரேக்கை நாள் முழுக்க ஓட்ட வேண்டுமானால் இரண்டு மூன்று செட் லோகோ பைலட், கார்டு வேண்டும், ராத்திரி கழுவிப் பார்க்க பிட் லைனில் இடம் வேண்டும். கூடுதல் வண்டி கேட்டு எழுதுகிற கடிதத்தில் இதை யாரும் எழுதுவதில்லை.


ஸ்டீயரிங்

எல்லோரும் ரயில் காதலர்கள், கார்க்காரனாக நான் ஒருவன் பேசுகிறேன்.

ஆயிரம் ரூபாய் கணக்கு ஒரு ஆளுக்கு. நாங்கள் நான்கு பேர் போகிறோம், ஆளுக்கு இருநூற்றைம்பது. அம்மாவுக்கு மூட்டுவலி. இரண்டாம் பிளாட்பாரத்தில் வண்டி வந்தால் மேம்பாலப் படியில் எப்படி ஏறுவார்? லிஃப்ட் வைத்திருக்கும் ஸ்டேஷன்களை விரல் விட்டு எண்ணலாம். கோயிலுக்குப் போனாலும் இதே கதைதான். நவக்கிரகம் ஒன்பதையும் ஒரே நாளில் பார்க்கக் கூட்டம் வேனிலும் காரிலும்தான் வருகிறது. கீழப்பெரும்பள்ளத்துக்கு எந்த ரயில் போகிறது?

திருச்சியில் இறங்கிய பிறகு ஆட்டோக்காரர் கேட்கிற காசையும் கணக்கில் சேருங்கள்.


குடமுருட்டி

ஸ்டீயரிங், நான்கு பேர், மூட்டுவலி அம்மா என்றால் கார்தான் சரி. அந்தக் காரை யாரும் பிடுங்கவில்லை. நான் சொல்வது ஒற்றை ஆள் ஓட்டிப்போகிற கார். அதைக் குறைத்தால் உங்கள் அம்மாவும் நெரிசல் இல்லாமல் போய்ச் சேருவார்.

கீழப்பெரும்பள்ளம் சரி. ஆனால் சூரியனார்கோயிலும் கஞ்சனூரும் ஆடுதுறை ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரம், ஒரு மினி பஸ் விட்டால் முடிந்தது. 2016-க்குப் பிறகு அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது. கும்பகோணத்துக்குள் எத்தனை ஆயிரம் காரை நிறுத்துவீர்கள்?


கோரையாறு (முத்துப்பேட்டை)

இந்த இழையில் எல்லோரும் மெயின் லைன் பற்றியே பேசுகிறீர்கள், எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள்.

திருவாரூர்–காரைக்குடி அகலப்பாதையாக மாறி 2019 ஜூனில் டெமு (டீசலில் ஓடும் லோக்கல் ரயில்) விட்டார்கள். 149 கிலோமீட்டர். முதலில் அது ஆறு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. நம்பாதவர்களுக்காக எப்படி என்று சொல்கிறேன். கேட்டுகளில் ஆள் கிடையாது. கேட்கீப்பர் வண்டியிலேயே வருவார். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும், முன்னால் இருக்கிறவர் இறங்கிப் போய் கேட்டைச் சாத்துவார், வண்டி மெல்லக் கடந்து அந்தப் பக்கம் போய் மறுபடி நிற்கும், பின்னால் இருக்கிற இன்னொருவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். அடுத்த கேட்டில் மறுபடி முதலிலிருந்து. ஒரு தடவை ஒரு கிழவர் ஜன்னல் வழியாக, "ஏம்பா, நான் நடந்து முன்னால போயி அடுத்த கேட்ட சாத்தி வைக்கட்டுமா?" என்று கேட்டார், பெட்டியே சிரித்தது. பிறகு கேட்டுக்கு ஆள் போட்டு நேரம் குறைந்தது. ஆனால் அந்த நாட்களில் பஸ்ஸுக்கும் டூவீலருக்கும் போன கூட்டம் திரும்பி வரவே இல்லை.

இப்போது தாம்பரம்–செங்கோட்டை வருகிறது, 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்த அன்றிலிருந்து தாம்பரம்–ராமேஸ்வரமும் எங்கள் வழியாகப் போகிறது. சந்தோஷம். ஆனால் பெரியாஸ்பத்திரிக்குப் போக அதனால் என்ன பயன்? என் மாமியாரைத் தஞ்சாவூர் மெடிக்கலுக்கு மாதா மாதம் கூட்டிப்போக வேண்டும். ஏழரைக்குள் ஓபி சீட்டு வாங்கி வரிசையில் உட்கார வேண்டும், டாக்டர் பார்த்து ரத்தம் கொடுத்து ரிசல்ட் வாங்க மத்தியானம் இரண்டு ஆகிவிடும், மாத்திரை வாங்கும் இடத்தில் இன்னொரு வரிசை. எனவே வீட்டிலிருந்து நாலரைக்குக் கிளம்பி மூன்று மணிக்குத் திரும்ப வேண்டும். இந்த இரண்டு நேரத்துக்கும் ஒத்துவருகிற வண்டி இல்லை. இருந்தாலும் திருத்துறைப்பூண்டி, திருவாரூர், நீடாமங்கலம் என்று சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பட்டுக்கோட்டை–தஞ்சாவூர் புதுப் பாதை பட்ஜெட்டில் அறிவித்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, மன்னார்குடி–பட்டுக்கோட்டையும் அப்படியே. ஆகவே பக்கத்து வீட்டுத் தம்பியின் கார். டீசல் போட்டு, அவருக்குச் சாப்பாடும் வாங்கிக் கொடுக்கிறேன்.

சென்னைக்கு வண்டி விட்டால் எம்பி கொடி அசைப்பார், போட்டோ வரும். ஆஸ்பத்திரி நேரத்துக்கு டெமு விட்டால் யார் கொடி அசைக்கப் போகிறார்கள்?


பாமணி (மன்னார்குடி)

அக்கா சொன்னதில் கடைசி வரிக்கு மட்டும் மறுப்பு. மன்னார்குடிக்கு 2011-இல் ரயில் திரும்ப வந்தபோது அந்தச் சென்னை வண்டிதான் பாதையையே உயிரோடு வைத்தது. சென்னை வண்டி இல்லை என்றால் நீடாமங்கலம்–மன்னார்குடிக்கு யார் காசு போட்டிருப்பார்கள்?

ஆனால் நீடாமங்கலம் கேட் பற்றிப் பேசாமல் இந்த இழை நகரக் கூடாது. தஞ்சாவூர்–நாகப்பட்டினம் ரோட்டில் போகிற அத்தனை பேரும் அங்கே நின்று வயிறெரிந்திருப்பீர்கள். மன்னார்குடி வண்டிக்கு இன்ஜினைக் கழற்றித் திருப்பி மாட்டுவது, நெல் வேகன்களைப் பிரித்துச் சேர்க்கிற ஷண்டிங், காரைக்கால் துறைமுகத்து நிலக்கரி வண்டி, எல்லாவற்றுக்கும் அதே கேட். குடமுருட்டி அண்ணன் கேட்கிறபடி நாகப்பட்டினம்–தஞ்சாவூர் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று விட்டால் கேட் இன்னும் எத்தனை தடவை சாத்தும்? ஆம்புலன்ஸும் அதில்தான் நிற்கிறது. மேம்பாலம் முடியாமல் வண்டியைக் கூட்டினால் ரோட்டில் போகிறவன் ரயிலை ஜென்மப் பகையாகத்தான் பார்ப்பான்.


ஸ்டீயரிங்

பாமணிக்கு ஒரு சல்யூட்.


பழைய கேபின்

நீடாமங்கலத்தில் கேட்டை அதிக நேரம் அடைத்து வைப்பது ஷண்டிங்கும் இன்ஜின் திருப்புவதும்தான். டெமு, மெமுவுக்கு இரண்டு முனையிலும் டிரைவர் கேபின் இருக்கிறது, இன்ஜின் கழற்ற வேண்டியதே இல்லை. டிரைவர் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து போனால் வண்டி திரும்பியாயிற்று. எட்டுப் பெட்டி வண்டி கேட்டைக் கடக்கச் சில நிமிஷம்தான் ஆகும். ஆகவே மேம்பாலம் வேண்டும் என்பது சரி, அதுவரை மெமு விடக் கூடாது என்பது சரியில்லை.


குருவைக்காரன் (வலங்கைமான்)

நெல் வேகன் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்தில் கிடக்கிற நெல் அரவைக்கு வெளி மாவட்டம் போவது அந்த வேகனில்தான். அது ஒரு நாள் தாமதமானால் மூட்டை மழையில் நனைகிறது, முளைத்துப்போகிறது. பயணிகள் வண்டி வேண்டும், நெல்லை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு வேண்டாம்.

இரட்டைப் பாதைக்கும் ஒரு வார்த்தை. கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு, அதற்கும் இடையில் வாய்க்கால் மேல் வாய்க்கால். மண் களிமண், மழைக்கு ஊறும், கோடைக்கு வெடிக்கும். ரோட்டை நாலு வழியாக்குகிறோம் என்று விக்கிரவாண்டி–தஞ்சாவூர் வேலையை எத்தனை வருஷம் இழுத்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், அதற்கு நஞ்சை எத்தனை போனது என்பதும் தெரியும். ரயிலுக்குப் பெரும்பாலும் பழைய பாதையின் ஓரத்திலேயே ரயில்வே நிலம் இருக்கிறது. இன்னொரு எட்டு வழி, பத்து வழி என்று வயலில் இறங்குவதைவிட இது எவ்வளவோ மேல். அந்த மட்டில் நான் குடமுருட்டி பக்கம்.

இன்னொன்று. மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை வரை 1894-இல் பாதை போட்டது அன்றைய தஞ்சாவூர் ஜில்லா போர்டு. நிலவரியோடு சேர்த்து மிராசுதார் முதல் சின்ன விவசாயி வரை செஸ் (கூடுதல் வரி) கட்டிய பணம் அது. பிறகு பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வரை நீட்டினார்கள். கோரையாறு அக்கா உட்கார்ந்து போகிற பாதை அவர் கொள்ளுத்தாத்தா காசில் போட்டதாகக்கூட இருக்கலாம். சும்மா வந்த சலுகை மாதிரி நாம் ஏன் மனு கொடுக்கிறோம்?


கோரையாறு (முத்துப்பேட்டை)

கொள்ளுத்தாத்தாவுக்கு நிலமே இல்லை சார், ஆனால் கோபம் நியாயம்தான்.

நிலம் கொடுத்தும் வண்டி இல்லாத இடம் பக்கத்திலேயே இருக்கிறது. திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி 37 கிலோமீட்டர் பல வருஷம் மூடிக்கிடந்து 2023 ஏப்ரலில் திறந்தது. வேதாரண்யம் உப்பளம் வரை புத்தம் புதுப் பாதை. நடையை எண்ணிப் பார்த்தால் பாதையை எதற்குப் போட்டார்கள் என்று தோன்றும்.


கொள்ளிடக்கரை (சீர்காழி, இருப்பு தாம்பரம்)

அதைச் சொன்னால் எங்கள் பக்கத்துத் தரங்கம்பாடி வயிற்றெரிச்சல். மயிலாடுதுறையிலிருந்து மன்னம்பந்தல், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாக ஓடின பாதையை எண்பதுகளில் நஷ்டம் என்று மூடினார்கள். இன்று திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிற வேன், கார் எத்தனை என்று முகூர்த்த நாளில் போய்ப் பாருங்கள்.

சரி, பழைய கேபின் சாரிடம் நேரடியாக ஒரு கேள்வி. பகலில் தண்டவாளம் காலி என்கிறீர்கள். அப்படியானால் அதில் சென்னைக்கு ஒரு பகல் வண்டி கூடுதலாக விடலாமே? சோழன் எக்ஸ்பிரஸ் ஒன்றை நம்பித்தானே இருக்கிறோம்?


பழைய கேபின்

விடலாம். ஒன்று விடலாம். ஆனால் நீள ஓட்டத்து வண்டி விழுப்புரத்தில் அரை மணி தாமதமானால் அந்தத் தாமதத்தைத் தஞ்சாவூர் வரை இழுத்துக்கொண்டு வரும், எதிரில் வருகிற லோக்கல் எல்லாம் லூப்பில் (ஸ்டேஷனின் பக்கத் தண்டவாளம்) காத்துக் கிடக்கும். பாசஞ்சர் பயணியின் கோபம் அதுதான், எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு நாற்பது நிமிஷம் ஒரு வெறும் ஸ்டேஷனில் நிற்க வைத்துவிடுவார்கள். என் யோசனை, விழுப்புரம்–தஞ்சாவூர் மொத்தத்தையும் ஒரேயடியாகக் கேட்காமல் கும்பகோணம்–தஞ்சாவூர் 39 கிலோமீட்டரை முதலில் இரட்டை ஆக்கச் சொல்லுங்கள். தஞ்சாவூர்–திருச்சி ஏற்கெனவே இரட்டை. கும்பகோணம் முதல் திருச்சி வரை தடையில்லாமல் ஓடினாலே குடமுருட்டி கேட்ட மணிக்கு ஒன்று கிடைத்துவிடும், உங்கள் பகல் வண்டிக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும்.

கட்டணம் பற்றியும் சொல்ல வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சரையெல்லாம் எக்ஸ்பிரஸ் கட்டணத்தில் ஓட்டிக் குறைந்தபட்சம் முப்பது ரூபாய் ஆக்கியிருந்தார்கள், 2024 பிப்ரவரியில்தான் பழையபடி பத்து ஆனது. பக்கத்து ஊருக்கு முப்பது ரூபாய் என்றால் யார் ஏறுவார்கள்? பெண்களுக்கு டவுன் பஸ் 2021-இலிருந்து இலவசம் வேறு. அந்த நாலு வருஷத்துக் கூட்டக் கணக்கைக் காட்டி "ஆதரவு இல்லை" என்று பதில் வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.


குடமுருட்டி

இதைத்தான் எதிர்பார்த்தேன். இன்னொன்றும் சேர்க்கிறேன், பஸ் ரயிலுக்கு எதிரி இல்லை. கும்பகோணம் பஸ் ஸ்டாண்டும் ரயில் நிலையமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, அங்கே பிரச்சினையே கிடையாது. சின்ன ஸ்டேஷன்களில்தான் சிக்கல். எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, பெயர் வேண்டாம். வெளியே புங்க மரம் ஒன்று, அதுதான் டூவீலர் ஸ்டாண்ட். காலையில் நிழலாக இருக்கிற இடம் மத்தியானம் வெயிலாகிவிடும், சாயங்காலம் வந்து சீட்டில் உட்கார முடியாது. பெட்ரோல் டியூபை இரண்டு தடவை உருவிவிட்டார்கள். டீக்கடைக்காரர் ஒருவர் பார்த்துக்கொள்வார், அவர் கல்யாணம் காட்சி என்று போய்விட்டால் ஸ்டாண்டுக்கும் லீவு. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு மூன்று கிலோமீட்டர் பைக்கில் வருகிறவன், பைக்குக்குப் பத்திரம் இல்லை என்றால் அதே பைக்கில் தஞ்சாவூர் வரைக்கும் போய்விடுகிறான். தகரக் கூரை, ஒரு லைட், ஒரு ஆள். இதற்கு எந்த இரட்டைப் பாதையும் வேண்டாம்.


ஸ்டீயரிங்

சரி, நான் நியாயமாகவே கேட்கிறேன். திருச்சி ஏர்போர்ட்டில் விடிகாலை பிளைட், அல்லது ராத்திரி பதினொன்றுக்கு வந்து இறங்குகிறேன். உங்கள் மெமு அப்போது ஓடுமா? டெல்டாவில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள், வழியனுப்பப் போகிற கூட்டம்தான் ராத்திரி ரோட்டில் பாதி. அதிலும் தூக்கத்தில் ஓட்டி மரத்தில் மோதுவது எத்தனை.


பாமணி (மன்னார்குடி)

இதற்கு நான் கார்க்காரர் பக்கம். கடைசி வண்டி பத்து மணிக்கு என்று வைத்துவிட்டால் யாரும் ரயிலை நம்ப மாட்டார்கள்.


பழைய கேபின்

ராத்திரியில் இடம் இருக்காது, முன்னமே சொன்னேன், சென்னை வண்டிகளின் நேரம் அது. விடிகாலை மூன்றரைக்குக் கும்பகோணத்திலிருந்து ஒன்று முடியலாம். பதினொன்றுக்கு மேல் திருச்சியிலிருந்து கிளம்புவது கஷ்டம். இல்லாததை இருக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

மனு எழுதுவதாக இருந்தால் "கூடுதல் ரயில் வேண்டும்" என்று எழுதாதீர்கள், அதற்கு அச்சடித்த பதில் ஒன்று தயாராக இருக்கும். எந்த ஸ்டேஷன், எத்தனை மணி, யாருக்கு, திரும்பி எத்தனை மணி என்று எழுதுங்கள். எந்த ரேக் எங்கே எத்தனை மணி நேரம் சும்மா நிற்கிறது என்பதையும் நான் சேர்த்துத் தருகிறேன். கோட்ட அளவில் பயணிகள் ஆலோசனைக் குழு இருக்கிறது, புது நேர அட்டவணைக்கு முன்னால் அதில் போய்ச் சேர வேண்டும்.


கோரையாறு (முத்துப்பேட்டை)

எழுதிக்கொள்ளுங்கள் சார். திருத்துறைப்பூண்டியிலிருந்து நாலே முக்கால், தஞ்சாவூர் ஏழு மணிக்குள். தஞ்சாவூரிலிருந்து மத்தியானம் மூன்று. ஸ்டேஷன் வாசலில் மெடிக்கல் பஸ் நிற்க வேண்டும், ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் வேண்டாம், மாமியாரால் முடியாது.


கொள்ளிடக்கரை (சீர்காழி, இருப்பு தாம்பரம்)

அதே மனுவில் சென்னைப் பகல் வண்டியையும் ஒரு வரி போட்டால்தான் என் கையெழுத்து.


குடமுருட்டி

போடுகிறேன் தம்பி, கடைசி வரியாக. கும்பகோணம்–திருச்சி நேரங்களை நாளைக்கு இங்கேயே பதிகிறேன், ஆடுதுறை, அய்யம்பேட்டை, பூதலூர்க்காரர்கள் யாராவது இருந்தால் உங்கள் நேரத்தையும் சொல்லுங்கள். ஸ்டீயரிங், மூன்றரை வண்டியைச் சேர்க்கவா?


ஸ்டீயரிங்

சேருங்கள். லிஃப்டையும்.